நீரிழிவுள்ள வீட்டுக்குள் கொரோனா வந்தபோது

எனக்கு நீரிழிவு நோய் இருப்பது 2012ஆம் ஆண்டு தெரியவந்தது. நாங்கள் கிளிநொச்சிக்கு மீளக்குடியேறி இரண்டு வருடங்கள் கழிந்திருந்தன. எமது ஊரில் இதனைச் சலரோகம் என்பார்கள், சீனி வருத்தம் என்றும் சொல்வார்கள். என் அம்மாவுக்கு இருந்தது. அக்காவுக்கு என்னைவிட நான்கு வருடங்கள் முன்னரே வந்துவிட்டது. எனவே கிளினிக்கில் அந்தப் பெயரைச் சொன்னபோது நான் அதிர்ச்சியடையவில்லை. நமக்கும் வந்துவிட்டது, இனி அதற்கேற்றபடி சமைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு கொப்பியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கொரோனா முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அவசர நிலையை நீக்கியது உண்மைதான். ஆனால் கிருமி போய்விட்டதென்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. இன்றும் அது வந்து வந்து போகிறது. எமது கிராமங்களில் காய்ச்சல், தடிமன் என்று படுப்பவர்களில் யாருக்குக் கொரோனா, யாருக்குச் சாதாரண சளிக்காய்ச்சல் என்று இப்போது யாரும் பரிசோதித்துப் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு அது நான்கு நாள் படுக்கை. சீனி வருத்தம் உள்ள எம் போன்றவர்களுக்கு அப்படியல்ல. இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் கொஞ்சப் பேரும் அல்லர். அண்மையில் செய்யப்பட்ட தேசிய ஆய்வொன்றின்படி வளர்ந்தவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். "சீனி இருக்கிற ஆக்களுக்குக் கொரோனா கெதியாத் தொத்துமாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அவ்வளவு சரியல்ல. கிருமி யாரோடும் நெருங்கினால் தொற்றும். நீரிழிவு இருப்பதால் மட்டும் அது எம்மைத் தேடி வருவதில்லை. வந்த பிறகு நடப்பதில்தான் வித்தியாசம். இங்கிலாந்தில் 2020 மார்ச் தொடக்கம் மே நடுப்பகுதி வரை கொவிட் காரணமாக வைத்தியசாலைகளில் இறந்தவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 23,698 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நீரிழிவு உள்ளவர்கள். வயது, வசதி போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும், எமக்குள்ளது போன்ற இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர் இறக்கும் வாய்ப்பு மற்றவரைவிடச் சுமார் இரண்டு மடங்கு. சிறு வயதிலேயே இன்சுலின் போடத் தொடங்கும் முதலாம் வகையினருக்கு அது மூன்றரை மடங்கு. நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த வகையானாலும் ஆபத்து மிகக் குறைவு என்பதையும் அதே கணக்குக் காட்டியது. இன்னொன்றும் தெரிந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்குள்ளேயே, மூன்று மாதச் சராசரிச் சீனியின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது. எனவே நோய் இருக்கிறதா என்பது மாத்திரமல்ல, அதை எந்த அளவில் வைத்திருக்கிறோம் என்பதும் முக்கியம்.

இதன் காரணத்தை எமது கிளினிக் வைத்தியர் ஒருமுறை எளிமையாகச் சொன்னார். இரத்தத்தில் சீனி கூடி நிற்கும்போது கிருமியோடு சண்டைபிடிக்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கும். அங்கே இரத்தம் கட்டிபடுவதும் இலகு. கொரோனாவும் இரத்தத்தைக் கட்டிபட வைக்கும் நோய்தான். அதோடு நீரிழிவு தனியாக வருவதில்லை. பிரஷர், இருதய வருத்தம், சிறுநீரகப் பழுது என்று ஏதாவதொன்றைக் கூட்டிக்கொண்டு வரும். இதெல்லாம் ஒரு பக்கம். மறு பக்கத்தில் காய்ச்சல் வந்தவுடன் உடம்பு தன்னைக் காப்பாற்றச் சில சுரப்புகளை வெளிவிடுகிறது. அவை சீனியை ஏற்றிவிடுகின்றன. ஒரு வாய் சோறு சாப்பிடாமல் படுத்திருந்தாலும் சீனி ஏறும். இது பலருக்குத் தெரியாத விடயம். என் அம்மா இறந்ததும் இதனால்தான்.

அம்மா இன்சுலின் போட்டவ. வன்னியில் அப்போது மின்சாரம் இல்லை. மருந்து வருவதும் கட்டுப்பாட்டோடுதான். வைத்தியசாலையில் கிடைக்கும் போத்தலை வெயிலிலிருந்து காப்பாற்ற அம்மா ஒரு வழி வைத்திருந்தா. பெரிய மண்சட்டிக்குள் ஆற்று மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, மணலை நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் தெளித்து ஈரமாக்குவா. சின்னச் சட்டிக்குள் போத்தல், மேலே ஈரத்துணி. இடம்பெயரும்போதெல்லாம் அந்தச் சட்டிகளும் எங்களோடு லாண்ட்மாஸ்ரரில் ஏறும். வெளிநாட்டு நிறுவனங்கள் வெப்ப நாடுகளில் இதே முறையைப் பரீட்சித்துப் பார்த்துப் பயனுள்ளது என்று சொல்லியிருப்பதாகப் பின்னாளில் அறிந்தேன். அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தயிர்ச் சட்டி குளிர்ந்திருப்பதைப் பார்த்துச் செய்ததாகத்தான் சொன்னா.

2009 மாசியில் அக்காவுக்குச் செல் பட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளனிலிருந்து கப்பலில் ஏற்றியபோது நான் அக்காவோடு திருகோணமலைக்குப் போனேன். அம்மா சின்னம்மாவோடு நின்றுவிட்டா. சித்திரையில் அவர்கள் வெளியே வந்து செட்டிகுளம் முகாமுக்குப் போனார்கள். அங்கே அம்மாவுக்கு வயிற்றோட்டம் வந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "சாப்பிடாத ஆளுக்கு இன்சுலின் போட்டால் சீனி இறங்கிச் செத்துப் போவா, போடாதையுங்கோ" என்று அங்கே மருந்து கொடுத்த ஒருவர் சொல்லியிருக்கிறார். சின்னம்மாவும் போடவில்லை. மூன்றாம் நாள் அம்மா மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டாவாம், வாயில் பழ வாடை அடித்ததாம். பிறகு பேச்சில்லை. இன்சுலின் முற்றாக இல்லாமற்போனால் இரத்தம் அமிலமாகி மயக்கம் வரும். அதுதான் நடந்தது என்று வருடங்கள் கழிந்து ஒரு வைத்தியரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் விளங்கப்படுத்தினார். யுத்தத்தில் இறந்தவர்களின் எந்தப் பட்டியலிலும் அம்மாவின் பெயர் இல்லை. செல் பட்டுச் சாகவில்லை என்பதால்.

இனி 2020க்கு வருகிறேன்.

மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். எமக்கு ஊரடங்கு புதிதல்ல. அக்கா சிரித்தபடி, "இந்தமுறை குண்டு இல்லாத ஊரடங்கு" என்றா. எனது தையல் வேலை நின்றது. பள்ளிக்கூடச் சட்டை தைக்க யார் வருவார்கள்? பின்னர் முகக்கவசம் தைத்துக் கொஞ்சம் பிழைத்தோம். மருந்துதான் முதலாவது கவலை. கிளினிக் நடக்கவில்லை. சில வாரங்களின் பின்னர் கிளினிக் நோயாளருக்கு மருந்தைத் தபால் மூலமும் சுகாதார ஊழியர் மூலமும் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. எமக்கும் வந்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வந்தது மாத்திரை மட்டும். யாரும் காலைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, இரத்தம் எடுக்கவில்லை. மாதக்கணக்கில் பழைய அளவிலேயே மருந்து குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாயின் கால்விரலில் முள் குத்திய புண் அந்த மாதங்களில்தான் பெருத்தது. ஊரடங்கு முடிந்து போனபோது விரலை எடுக்க வேண்டியிருந்தது. அவவுக்குக் கொரோனா வரவேயில்லை. ஆனாலும் அந்த விரலைக் கொரோனாவின் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நிவாரணம் என்றால் என்ன தருவார்கள் என்று எம்மில் எல்லோருக்கும் தெரியும். முகாமிலே அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி தந்தார்கள். 2020இலும் ஊருக்கு வந்த பொதிகளில் அரிசி, மா, பருப்பு, சீனி, சோயாமீற், சில பொதிகளில் பிஸ்கட்டும் இருந்தன. தந்தவர்களின் நல்ல மனதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பசித்த வயிற்றுக்கு அதுவே தேவாமிர்தம். ஆனால் இரண்டு சீனி வருத்தக்காரிகள் உள்ள வீட்டுக்கு இரண்டு கிலோ சீனியும் ஐந்து கிலோ மாவும் வந்தால் என்ன செய்வது? காலையில் ரொட்டி, மத்தியானம் வெள்ளைச் சோறு, இரவில் மாப் புட்டு. இதைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் சீனி எங்கே நிற்கும்? மெழுகுதிரி மாதிரி உருகும் என்றா நினைக்கிறீர்கள்?

நாங்கள் செய்தது இதுதான். சீனியை மூன்று பிள்ளைகள் உள்ள பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து முட்டை வாங்கினோம். மாவை ஒடியல் மாவோடும் குரக்கன் மாவோடும் கலந்தோம். முருங்கையிலை வேலியிலேயே நின்றது. அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, கிணற்றடிக் கீரை எல்லாம் காசில்லாமல் கிடைத்தன. சோற்றின் அளவைக் குறைத்துக் கறியின் அளவைக் கூட்டினோம். சோற்றை ஒரு தேங்காய்ச் சிரட்டையால் அளந்து போட்டேன், அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு சிரட்டை. அக்கா முதல் கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டா. பின்னேரம் வளவுக்குள் பத்துச் சுற்று நடந்தோம். ஜெய்ப்பூர்க் காலோடு அக்கா ஏழு சுற்று நடப்பா. நிவாரணப் பொதி கட்டும் நிறுவனத்தினர் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: சீனிக்குப் பதிலாகப் பயறோ கடலையோ கௌபியோ ஒரு கிலோ போடுங்கள்.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். கொத்தமல்லி, இஞ்சி, வேர்க்கொம்பு அவித்துக் குடிப்பதில் ஒரு குற்றமும் இல்லை, தொண்டைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அதற்குள் பனங்கட்டியும் தேனும் போட்டு நாளுக்கு ஐந்து தரம் குடித்தவர்களை எனக்குத் தெரியும். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துக் கொரோனாவுக்குப் பாணி தயாரித்ததாகச் சொல்ல, ஆயிரக்கணக்கானோர் அங்கே போய் இடித்து நெருக்குப்பட்டார்கள். அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. கிருமிக்கு அந்தப் பாணி ஒன்றும் செய்யவில்லை. அதைக் கரண்டி கரண்டியாகக் குடித்த சீனி வருத்தக்காரருக்கு என்ன செய்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

2021 ஓகஸ்ட் மாதத்தை இந்த நாட்டில் யாரும் மறக்க முடியாது. டெல்ரா என்ற வகைக் கிருமி பரவியது. மாத இறுதியில் நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். வடக்கில் மே மாத இறுதியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சினோபாம் தடுப்பூசி பின்னர் எங்கள் பக்கத்துக்கும் வந்தது. நான் முதல் நாளே போய்ப் போட்டேன். அக்கா ஓர் ஊசி போட்டிருந்தா, இரண்டாவதற்குத் திகதி வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு மாமி இருந்தா. அறுபத்துமூன்று வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம். யுத்தத்தில் இரண்டு ஆண்பிள்ளைகளை இழந்தவ. அவவுக்குக் காய்ச்சல் வந்தபோது யாருக்கும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பனடோல் குடித்தா. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "மாமி, இருமல் கேக்குது. பிஎச்ஐ ஐயாவுக்குச் சொல்லட்டே?" என்று கேட்டேன். "ஐயோ பிள்ளை, சொல்லிப் போடாதை. பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள்" என்றா.

இந்த ஒரு சொல்லை எமது வாசகியருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த நாட்களில் தனிமைப்படுத்தல் நிலையங்கள் பலவற்றை இராணுவம்தான் நடத்தியது. கொவிட் செயலணிக்குத் தலைமை தாங்கியவரும் இராணுவத் தளபதிதான். நல்ல நோக்கத்தோடு செய்திருக்கலாம். கொழும்பில் உள்ளவருக்கு அது வெறும் பஸ். எங்களுக்கு 2009இல் ஏறிய பஸ். யாரை எங்கே இறக்கினார்கள் என்று இன்றுவரை தெரியாத பஸ். என் கணவரும் அப்படி ஏற்றப்பட்டவர்தான். ஆகவே மாமியின் பயத்தை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நோய் வந்தால் சொல்ல வேண்டும் என்று சுவரொட்டி ஒட்டியவர்கள், சொல்லாமல் இருப்பவர் ஏன் சொல்லவில்லை என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த நாள் விடிய மாமியின் மகள் வந்து கத்தினா. 1990க்கு அழைத்தோம். அம்பியுலன்ஸ் வந்தது. மாமி நடந்துதான் ஏறினா. களைக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. விரலில் மாட்டிப் பார்த்தபோது ஒட்சிசன் 71 என்று காட்டியதாம். இரண்டு நாளில் இறந்துவிட்டா. உடல் வீட்டுக்கு வரவில்லை.

நடந்துபோய் ஏறியவருக்கு எப்படி 71 என்று நான் நெடுநாள் யோசித்தேன். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்துகொண்டு போகும், ஆனால் மூச்சு முட்டுவதாக ஆளுக்குத் தெரியாது. அதனால் "எனக்கு ஒண்டுமில்லை" என்ற சொல்லை நம்பக்கூடாது. அதிலும் எமது பெண்கள் ஒன்றுமில்லை என்று சொல்லியே பழகியவர்கள்.

மாமி இறந்த எட்டாம் நாள் அக்காவுக்குத் தொண்டை நொந்தது. அன்றிரவே காய்ச்சல். என் மகள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் மாதர் சங்கத் தலைவியிடம் போய் ஒக்ஸிமீற்றரை வாங்கி வந்தாள். புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் சங்கத்துக்கு இரண்டு அனுப்பியிருந்தார். அக்காவின் விரலில் மருதோன்றிச் சிவப்பு இருந்தது. நகத்தில் சாயம் இருந்தால் கணக்குப் பிழைக்கலாம் என்று மகள் சொன்னாள், எனவே சாயம் படாத விரலில் வைத்தோம். 97. சீனியைக் குத்திப் பார்த்தோம். 312. முந்தின கிழமை 150இல் நின்ற ஆள், அன்று முழுவதும் கஞ்சி மட்டும் குடித்தவ!

அன்றிலிருந்து நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டையும் பார்த்துக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கென 1390 என்ற இலக்கம் தந்திருந்தார்கள். மூன்றாம் முறை எடுத்தபோது ஒரு வைத்தியர் பேசினார். அக்கா மெட்போமினும் இன்னொரு மாத்திரையும் குடிப்பவ. வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து உடம்பில் தண்ணீர் வற்றினால் மெட்போமினை நிறுத்திவிட்டு உடனே தங்களுக்குச் சொல்லும்படி கேட்டார். மணிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒட்சிசன் 94க்குக் கீழே போனாலோ, சீனி தொடர்ந்து 300க்கு மேல் நின்றாலோ வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்றார்.

நாலாம் நாள் காலை 95. மத்தியானம் 93. அக்கா கட்டிலில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தா. "நல்லாத்தானே இருக்கிறன், ஏனடி பயப்படுறாய்?" என்றா.

"மாமியும் நல்லாத்தான் இருந்தவ, அக்கா. 93 எண்டு காட்டுது, நீங்களே பாருங்கோ."

"நான் போகமாட்டன். கப்பலிலையும் பஸ்ஸிலையும் ஏறினது காணும்."

நான் வாதாடவில்லை. மகளைக் கூப்பிட்டு அம்மம்மாவின் கதையைச் சொல்லச் சொன்னேன். அவள் சிறுவயதிலிருந்து கேட்ட கதை. அவள் சொல்லி முடிக்கும் முன்னரே அக்கா காலை எடுத்து மாட்டத் தொடங்கிவிட்டா. ஒரு நிபந்தனை மட்டும் போட்டா: கூடவே கைத்தொலைபேசியும் சார்ஜரும் வேண்டும், காலையும் மாலையும் நான் எடுக்க வேண்டும், எந்த வாட்டில், எந்தக் கட்டிலில் என்று எழுதி வைக்க வேண்டும். அந்த நிபந்தனை நியாயமானது. நாங்கள் அம்பியுலன்ஸ் இலக்கத்தைக்கூட எழுதி வைத்தோம்.

பதினொரு நாள் வைத்தியசாலையில் இருந்தா. ஆறு நாள் ஒட்சிசன் கொடுத்தார்கள். குப்புறப் படுக்க வைத்தார்கள். நுரையீரலின் பின்பக்கத்துக்குக் காற்றுப் போக அது உதவும். டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தையும் போட்டார்கள். ஒட்சிசன் தேவைப்படும் நோயாளரின் இறப்பை அந்த மலிவான மருந்து குறைக்கிறது என்று 2020 ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனையில் கண்டுபிடித்திருந்தார்கள். உயிரைக் காப்பாற்றும் மருந்துதான். ஆனால் சீனியை ஏணி வைத்து ஏற்றிவிடும். அக்காவுக்கு 480 வரை போனதாம். அதனால் மாத்திரையை நிறுத்தி நாளுக்கு நான்கு தரம் இன்சுலின் போட்டார்கள். இந்தியாவில் 2021இல் ஸ்டெரொயிட் கண்டபடி பாவிக்கப்பட்டு, சீனியும் கட்டுப்பாடின்றி ஏறியவர்களுக்குக் கறுப்புப் பூஞ்சணம் என்ற பயங்கர நோய் வந்தது. ஜூன் மாத இறுதிக்குள் 40,000 பேருக்கு மேல். பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள். எனவே கடையில் ஸ்டெரொயிட் மாத்திரை வாங்கி நாமே குடிப்பது மிகவும் ஆபத்தானது. நோயின் ஆரம்பத்தில், ஒட்சிசன் குறையாதவருக்கு, அதனால் நன்மையும் இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்தபோது ஏழு கிலோ மெலிந்திருந்தா. ஜெய்ப்பூர்க் கால் தளர்ந்து, தண்டுக்காலில் உராய்ந்து தோல் உரிந்தது. அந்தப் புண் ஆறுவதற்கு இரண்டு மாதம் எடுத்தது. நல்ல காலை நான் தினமும் இரவில் விளக்கைப் பிடித்து அடிப்பாதம், விரலிடுக்கு எல்லாம் பார்ப்பேன். இன்றும் பார்க்கிறேன். இருக்கிற ஒரு கால் அல்லவா? இன்சுலின் ஆறு மாதங்கள் தொடர்ந்தது. பிறகு குறைத்துக் குறைத்து மாத்திரைக்கு மாற்றினார்கள். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, அக்கா இன்சுலினிலிருந்து வெளியே வந்துவிட்டது பெரிய ஆறுதலாயிருந்தது. மின்வெட்டு நேரத்தில் அயலில் இன்சுலின் போட்ட இரண்டு பேருக்கு நான் அம்மாவின் சட்டி முறையைச் சொல்லிக் கொடுத்தேன்.

கொரோனாவுக்குப் பிறகு புதிதாகச் சீனி வருத்தம் வந்தவர்களும் உண்டு. தொற்று வந்தவர்களிடையே புதிய நீரிழிவு கூடுதலாகக் காணப்படுவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. எனவே கடுமையாகக் கொரோனா வந்து போனவர்கள், முன்னர் சீனி இல்லாதவர்களானாலும், அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சலம் போதல், காரணமில்லாமல் மெலிதல் இருந்தால் ஒருமுறை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இது இலவசம்.

இப்போது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் அக்காவின் படுக்கையருகே கற்றதுதான். இன்சுலின் போடுபவர் சாப்பிடாவிட்டாலும் தானாக அதை நிறுத்தக்கூடாது. எவ்வளவு போடுவதென்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். சீனி 70க்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், அந்த நேரத்தில் பத்தியம் பார்க்கக்கூடாது. வாந்தி நிற்காவிட்டால், ஆழமாக மூச்செடுத்தால், நித்திரை மயக்கமாக இருந்தால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீரகமோ இருதயமோ பழுதானவர்கள் மட்டும் தண்ணீரின் அளவை வைத்தியரிடம் கேட்டுக் குடிக்க வேண்டும். கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருப்பவர் இருமினால் முகக்கவசத்தைப் போடுங்கள். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். நான் என் பையில் இரண்டு வைத்திருப்பேன், ஒன்று எனக்கு, மற்றது இருமுபவருக்கு.

எங்கள் மாதர் சங்கத்தில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. ஊரில் சீனி வருத்தம் உள்ள 41 பெண்களின் பெயர், மருந்து, கிளினிக் திகதி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவரின் இலக்கம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறோம். தனியே இருப்பவர்களின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் அன்றே ஒருவர் போய்ப் படலையடியில் நின்று விசாரிக்க வேண்டும். வைத்தியசாலைக்குப் போகப் பயப்படுபவரோடு ஒருவர் கூடப் போவார், வாட் இலக்கத்தை எழுதிக்கொண்டு வருவார். ஒக்ஸிமீற்றர் இரண்டில் ஒன்று பழுதாகிவிட்டது. மற்றது என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதற்குச் சின்னப் பற்றரி இரண்டு வேண்டும். அதைச் சங்கத்தின் மாதச் சந்தாவில் வாங்குகிறோம்.